மோட்டார் பெட்டிக்குள் இரண்டு மின்னழுத்தங்கள்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்துக்குத் துணையாகக் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிப் பயிர் செய்யும் நிலம் ஏராளம். விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரமும் இரவில் சில மணி நேரமுமாக முறைவைத்து வந்த நிலையில், அந்த நேரத்தைப் பிடிப்பதற்காக நடுஇரவில் வயலுக்கு நடப்பதைத் தவிர்க்க உழவர்கள் கண்ட வழிதான் செல்போன் வழியாக மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டர். தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தரும் கருவிகளில் இந்த வகையும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது. மோட்டார் கொட்டகைச் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் இந்தப் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு, அதை இயக்கும் ஜி.எஸ்.எம். மாட்யூல், முடிவெடுக்கும் மைக்ரோகண்ட்ரோலர், மோட்டாரின் காண்டாக்டரை இழுக்கும் ரிலே ஆகியவை இருப்பதை அதைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள். இவற்றுக்கெல்லாம் உணவளிக்கும் ஒரு சிறிய கறுப்பு ஐசியைப் பற்றி மட்டும் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. பெட்டி காரணமின்றி நின்றுபோவதற்கும், கட்டளைக்குப் பதில் தராமல் உறைந்துபோவதற்கும், ஓடாத மோட்டாரை ஓடுவதாகக் காட்டுவதற்கும் பல சமயங்களில் மூலகாரணம் அந்தச் சிறிய ஐசியின் தேர்வில்தான் இருக்கிறது என்பதால், அது வேலை செய்யும் விதத்தை விரிவாகப் பார்ப்பது தகும்.

மின்னணுச் சில்லுகள் மின்னழுத்த விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவை. 230 வோல்ட்டில் ஓட வேண்டிய மின்விசிறி 190 வோல்ட்டில் மெதுவாகவேனும் சுழலும், 3.3 வோல்ட்டுக்கென வடிவமைக்கப்பட்ட மைக்ரோகண்ட்ரோலரோ, அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் சரிந்தாலும், செய்துகொண்டிருந்த வேலையை மறந்து முதலிலிருந்து தொடங்கிவிடும். எல்லையைத் தாண்டி மேலே போனால் ஒரேயடியாக எரிந்துவிடும். ஆகவே, மேலும் கீழும் ஆடும் ஓர் அழுத்தத்தை வாங்கி, ஆடாத ஓர் அழுத்தமாகத் திருப்பித் தருவதற்கு ஒரு பாகம் தேவைப்படுகிறது. அதுவே மின்னழுத்தச் சீராக்கி; கடைகளில் ரெகுலேட்டர் ஐசி என்று கேட்டு வாங்கப்படுவது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியோடு இணைக்கப்படும் ஸ்டெபிலைசர் தனது டிரான்ஸ்ஃபார்மரின் உதவியால் குறைந்த அழுத்தத்தை உயர்த்தவும் செய்கிறது. இங்கே பேசப்படும் நேரியல் சீராக்கிக்கு அந்தத் திறன் கிடையாது. வரும் அழுத்தத்தைக் குறைத்துத் தருவது ஒன்றுதான் அதன் வேலை, குறைத்த மிச்சம் முழுவதும் வெப்பமாகப் போகும். இந்த ஒரு வரம்பிலிருந்தே மற்ற எல்லாச் சிக்கல்களும் பிறக்கின்றன.

சீராக்கியின் உள்ளே நான்கு உறுப்புகள் உள்ளன. முதலாவது, வெப்பநிலை மாறினாலும் மாறாத ஓர் அளவுகோல் அழுத்தம், பெரும்பாலும் 1.2 வோல்ட்டை ஒட்டியது. டிரான்சிஸ்டர் சந்தி ஒன்றின் அழுத்தம் வெப்பம் ஏற ஏற, ஒரு பாகைக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் இயங்கும் இரு சந்திகளின் அழுத்த வேறுபாடோ வெப்பத்தோடு உயரும். குறைவதையும் உயர்வதையும் சரியான விகிதத்தில் கூட்டினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஒரு நிலையான மதிப்பு கிடைக்கும் என்ற நுட்பத்தை 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் விட்லர் சில்லுக்குள் கொண்டுவந்தார். இரண்டாவது உறுப்பு, வெளியீட்டு அழுத்தத்தின் ஒரு பங்கை எடுத்துக்காட்டும் இரண்டு மின்தடைகள். மூன்றாவது, அந்தப் பங்கை அளவுகோலோடு இடைவிடாமல் ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெருக்கிச் சொல்லும் பெருக்கி. நான்காவது, அந்தப் பெருக்கியின் சொல்படி தன்வழியே செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் பெரிய டிரான்சிஸ்டர். மின்தடைகள் 175 கிலோஓம், 100 கிலோஓம் என்று அமைந்தால், 1.2 வோல்ட் அளவுகோலை 2.75-ஆல் பெருக்கிய 3.3 வோல்ட் வெளியே வரும். மின்தடையின் விகிதத்தை மாற்றினால் வெளியீடும் மாறும். சுமை திடீரென்று கூடி வெளியீடு சற்றே சரிந்தால், பெருக்கி அதை உணர்ந்து டிரான்சிஸ்டரை இன்னும் திறக்கிறது. சுமை குறைந்தால் மூடுகிறது.

ரேடியோ, டிவி பழுதுபார்ப்பவர்களுக்குப் பழக்கமான 7805 என்னும் சீராக்கியும் இதே அமைப்புதான். ஆனால் அதன் பெரிய டிரான்சிஸ்டர் என்.பி.என். வகையைச் சேர்ந்தது. அதைத் திறந்து வைப்பதற்கே வெளியீட்டைவிடச் சுமார் 2 வோல்ட் கூடுதலான அழுத்தம் உள்ளே வரவேண்டும் என்பதால், 5 வோல்ட் கிடைக்க 7 வோல்ட்டாவது ஊட்ட வேண்டியிருந்தது. வெளியீடு குலையாமல் இருக்க உள்ளீடு எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டுமோ, அந்தக் குறைந்தபட்ச இடைவெளிக்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் டிராப்அவுட். அந்த இடைவெளி சிறியதாக இருக்கும்படி செய்யப்பட்டவையே எல்.டி.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் குறைவீழ்ச்சிச் சீராக்கிகள். இவற்றில் பெரிய டிரான்சிஸ்டர் பி.என்.பி. வகையாகவோ பி-வகை மாஸ்ஃபெட்டாகவோ இருக்கும். உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து கீழ்நோக்கி இழுத்தே அதைத் திறக்கலாம் என்பதால் மேலதிக அழுத்தம் தேவைப்படுவதில்லை. மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்த நிலையில் ஒரு சிறு மின்தடைபோல நடந்துகொள்ளும். அதன் தடை 0.35 ஓம் என்றால், 1 ஆம்பியர் ஓடும்போது இடைவெளி 0.35 வோல்ட், அரை ஆம்பியரில் அதில் பாதி.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இந்த இடைவெளியைப் புரியவைக்க அவர்களுடைய ஏரியே போதும். கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று வழங்கும் அந்த ஏரியைப் பராமரிக்க, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் இருந்ததை, வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் சொல்கின்றன. ஏரியில் நீர்மட்டம் ஐப்பசியில் ஒன்றாகவும் மாசியில் வேறாகவும் இருக்கும். மதகைத் திறந்து மூடுகிறவர் வாய்க்காலைப் பார்த்தபடி பலகையை ஏற்றி இறக்குவதால் வயலுக்குப் போகும் நீர் ஒரே சீராக இருக்கும். ஆயினும் ஏரியின் மட்டம் வாய்க்கால் மட்டத்தைவிடச் சிறிதளவேனும் உயர்ந்திருக்கும்வரைதான் அவருடைய திறமைக்கு வேலை உண்டு. அந்தச் சிறிதளவு எவ்வளவு குறைவோ, ஏரியின் நீரை அவ்வளவு கடைசிவரை பயன்படுத்தலாம். ஒரே ஏரியிலிருந்து வெவ்வேறு மட்டத்தில் இரண்டு மதகுகள் இரண்டு ஆயக்கட்டுகளுக்குப் பாய்வதும், ஒன்றை அடைத்தாலும் மற்றது பாய்வதுமே, ஒரே உறையிலிருந்து இரண்டு அழுத்தங்களைத் தரும் இரட்டை வெளியீட்டுச் சீராக்கி செய்யும் வேலை.

மொபைல் ஸ்டார்ட்டரின் பெட்டிக்குத் திரும்பினால், இந்தக் கணக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது தெரியும். பரவலாகப் பயன்பட்ட சிம்800 போன்ற 2ஜி மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை தேவை. வழக்கமாக 4 வோல்ட் ஊட்டப்படுகிறது. அது கோபுரத்தோடு பேசும்போது மின்னோட்டத்தைத் தொடர்ந்து இழுப்பதில்லை, 4.6 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, அரை மில்லிவிநாடிக்குச் சற்றே அதிகமான நேரம், 2 ஆம்பியர் வரை உறிஞ்சுகிறது. விநாடிக்கு 217 முறை நிகழும் இந்த உறிஞ்சலே, 2ஜி செல்போனை ரேடியோ அருகே வைத்தால் கேட்கும் அந்த 'டிர்ர்' ஒலிக்குக் காரணம். ஒவ்வொரு உறிஞ்சலின்போதும் 4 வோல்ட் தடம் 0.3 வோல்ட் சரிந்து 3.7 ஆகிறது என்று கொள்வோம். அந்தத் தடத்திலிருந்தே மைக்ரோகண்ட்ரோலருக்கான 3.3 வோல்ட்டையும் எடுப்பதாக இருந்தால் மிஞ்சும் இடைவெளி வெறும் 0.4 வோல்ட். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் 1117 வகைச் சீராக்கிக்கு 1.1 வோல்ட் இடைவெளி வேண்டும். ஆகவே அது 3.3 வோல்ட்டைச் சரிவர ஒருபோதும் தராது, உறிஞ்சலின்போது 2.6 வோல்ட் வரை இறங்கிவிடும். அந்த ஐசியின் மேல் 3.3 என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து நம்பிப் பொருத்தியவர் பெட்டி தானாக ரீசெட் ஆவதற்கு மென்பொருளைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார். அதே இடத்தில் 0.2 வோல்ட் இடைவெளியே போதுமான எல்.டி.ஓ. இருந்தால், உள்ளே 3.7 ஆனாலும் வெளியே 3.3 அசையாது. சார்ஜ் நிரம்பிய லித்தியம் பேட்டரிக்கும் இதே நியாயம் பொருந்தும்: அதன் உச்ச அழுத்தம் 4.2 வோல்ட், 1117-க்கு வேண்டியதோ 4.4, குறைவீழ்ச்சிச் சீராக்கியோ பேட்டரி 3.5 வோல்ட்டுக்கு வற்றும்வரை வேலை வாங்கிவிடும்.

இடைவெளி போதாமல் போனால் வெளியீடு சரிவதோடு இன்னொரு தீங்கும் சேர்கிறது. நல்ல எல்.டி.ஓ. ஒன்று, இடைவெளி போதுமான அளவு இருக்கும்போது, 217 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் உள்ளீட்டில் வரும் ஆட்டத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக அடக்கும், 0.3 வோல்ட் ஆட்டம் 0.3 மில்லிவோல்ட்டாகச் சுருங்கும். இடைவெளி தீர்ந்துபோனால் பெரிய டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து கிடக்கும். பெருக்கி எவ்வளவு கட்டளையிட்டாலும் அதைவிடத் திறக்க இடமில்லை என்பதால் உள்ளீட்டின் ஆட்டம் அப்படியே வெளியே பாயும். இந்த எல்லையைத் தரவுத்தாளின் முதல் பக்கத்திலேயே தயாரிப்பாளர்கள் தந்திருக்க, பழுதுபார்க்கும் பயிற்சிகளில் அது கற்றுத்தரப்படாமல் போவது வருத்தத்துக்குரியது, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம் இது.

இனி ஒன்றுக்கு இரண்டு வெளியீடு எதற்கு என்ற கேள்வி. இந்தப் பெட்டி மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தையும் மூன்று முனைகளின் அழுத்தத்தையும் அளக்கிறது. கிணற்றில் நீர் வற்றி மோட்டார் வறட்டோட்டம் ஓடுகிறதா, மூன்று முனைகளில் ஒன்று அறுந்துவிட்டதா என்பதை இந்த அளவுகளை வைத்தே அது முடிவுசெய்து மோட்டாரைக் காக்கிறது. 12 பிட் அளவியொன்று 3.3 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கும்போது ஒரு படி 0.8 மில்லிவோல்ட்தான். விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை நிலைமாறும் மைக்ரோகண்ட்ரோலரும், அளக்கும் சுற்றும் ஒரே தடத்தில் உணவருந்தினால், முன்னது எழுப்பும் 30 மில்லிவோல்ட் இரைச்சல் பின்னதன் கணக்கில் முப்பத்தேழு படிகள் பிழையாகப் புகும். அதனால் இரண்டுக்கும் வேண்டியது அதே 3.3 வோல்ட்தான் என்றாலும், தனித்தனிக் கதவுகள் வழியே தருவது நல்லது. ஒரே உறைக்குள் இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்கள், இரண்டு பெருக்கிகள், இரண்டு மின்தடை இணைகள் என்று அமைத்தால், ஒரு பக்கத்துச் சுமையின் துள்ளல் மறுபக்கத்தைத் தொடாது. இரண்டு ஐசிகளைத் தனித்தனியே வைப்பதைவிடப் பலகையில் இடமும் மிச்சமாகும். ஒவ்வொரு வெளியீட்டையும் தனியே இயக்கவும் அணைக்கவும் உதவும் இயக்கு முனைகள் இருந்தால், பெட்டி சும்மா இருக்கும் நேரத்தில் அளக்கும் பகுதியை மட்டும் அணைத்துவிடலாம்.

இரட்டை வெளியீட்டுக்கான தேவையை உரக்கச் சொன்னவை வாகனங்கள். அந்த வகையில் இந்தப் பொருள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டாக 2010-இல் தொடங்கிய ஆலையிலும் 2013-இல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு ஆலையிலும் உருவாகும் வண்டிகள் ஒவ்வொன்றிலும் இத்தகைய சீராக்கிகளுக்கு வேலை உண்டு. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு கணத்தில் 12 வோல்ட் பேட்டரி 6 வோல்ட்டை ஒட்டிக்கூட இறங்கும். 7 வோல்ட் கேட்கும் 7805 அங்கே உதவாது. 1970-களின் பிற்பகுதியில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் எல்.டி.ஓ. வகையை வளர்த்தெடுத்ததற்குக் கார் ஒரு முக்கியக் காரணம். அந்த நிறுவனத்தின் எல்.எம்.2935 என்னும் ஐசி ஒரே உறைக்குள் இரண்டு 5 வோல்ட் வெளியீடுகளைக் கொண்டது: ஒன்று 750 மில்லிஆம்பியர் வரை தரும் முதன்மை வெளியீடு, மற்றொன்று 10 மில்லிஆம்பியர் தரும் காத்திருப்பு வெளியீடு. சாவியைத் திருப்பி எடுத்ததும் முதன்மை அணைந்துவிடும். காத்திருப்பு வெளியீடு மட்டும் நினைவகத்தை உயிரோடு வைத்திருக்கும். வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் வாரங்களில் பேட்டரி வற்றாமலும், அமைத்து வைத்த தகவல்கள் அழியாமலும் இருப்பதற்கு இரண்டும் பிரிந்திருப்பதே வழி. என்ஜினைச் சுற்றி நீளமான கம்பிகளால் இணைக்கப்பட்ட சென்சார்களுக்குத் தனி 5 வோல்ட் தருவதும் இதே எண்ணத்தில்தான். எலி கடித்தோ உரசியோ அந்தக் கம்பி சட்டகத்தைத் தொட்டால், சென்சாரின் வெளியீடு மட்டும் தன் மின்னோட்ட வரம்பில் நின்றுகொள்ளும், மூளையான செயலிக்குப் போகும் வெளியீடு பாதிக்கப்படாது.

பிற்காலத்தில் செயலிகளின் உட்கருவுக்கு ஓர் அழுத்தமும் வெளியுலகோடு பேசும் முனைகளுக்கு வேறோர் அழுத்தமும் தேவைப்பட்டபோது இரட்டை வெளியீடு அன்றாட வழக்கமாகிவிட்டது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.எஸ்.767டி318 இதற்குத் தக்க சான்று: ஒரு வெளியீடு 3.3 வோல்ட், மற்றொன்று 1.8 வோல்ட், ஒவ்வொன்றும் 1 ஆம்பியர் வரை. இதில் முக்கியமானது வரிசை. உட்கருவும் முனைகளும் சில்லுக்குள் பாதுகாப்பு டயோடுகளால் தொடர்புகொண்டிருப்பதால், தவறான ஒன்று முதலில் எழுந்தால் மின்னோட்டம் வேண்டாத வழியில் நுழைந்து சில்லைப் பூட்டிவிடவோ சுட்டுவிடவோ கூடும். எது முதலில் எழ வேண்டும் என்பது செயலிக்குச் செயலி மாறும். அதைத் தரவுத்தாள் சொல்லும். முதலில் எழ வேண்டியதன் வெளியீட்டையே மற்றதன் இயக்கு முனைக்குக் கொடுத்துவிட்டால் வரிசை தானாக அமைந்துவிடும். அழுத்தம் நிலைபெற்றுச் சுமார் 200 மில்லிவிநாடி கழிந்த பிறகே செயலியை விடுவிக்கும் ரீசெட் முனையும் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனியே இந்த ஐசியில் உண்டு.

இரண்டு சீராக்கிகளை ஒரே உறைக்குள் வைப்பதற்குக் கொடுக்கும் விலை வெப்பம். 5 வோல்ட்டிலிருந்து 3.3-க்கு 300 மில்லிஆம்பியர் தரும்போது அரை வாட்டும், 1.8-க்கு 200 மில்லிஆம்பியர் தரும்போது 0.64 வாட்டும் சூடாகும். இரண்டும் சேர்ந்து 1.15 வாட். உறையிலிருந்து வெப்பம் வெளியேறும் தடை ஒரு வாட்டுக்கு 40 பாகை என்றால், சில்லு சுற்றுப்புறத்தைவிட 46 பாகை கூடுதலாகச் சுடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் 55 பாகை இருப்பதாக வைத்தால், சில்லு 101 பாகையில் நிற்கும். பெரும்பாலான ஐசிகளுக்கு உரிய 125 பாகை எல்லைக்குள்தான் என்றாலும் கையிருப்பு குறைவு. ஒரு வெளியீட்டில் சுமை கூடி, அளவு மீறிச் சுட்டால் ஐசியை அணைக்கும் வெப்பக் காவல் தூண்டப்பட்டால், குற்றம் செய்யாத மற்ற வெளியீடும் சேர்ந்து அணையக்கூடும் என்பது இரட்டையின் பலவீனம். 12 வோல்ட்டிலிருந்து நேரடியாக 3.3 எடுக்க முயன்றால் முதல் வெளியீடு மட்டுமே 2.6 வாட்டை எரிக்கும். எனவே, வேகமாகத் திறந்து மூடும் ஸ்விட்ச்சிங் வகைச் சீராக்கியால் 12-ஐ முதலில் 5-க்கோ 4-க்கோ இறக்கிவிட்டு, கடைசிப் படியை மட்டும் எல்.டி.ஓ.-விடம் ஒப்படைப்பதே சரியான வேலைப் பிரிவினை. முன்னது சிக்கனத்தையும் பின்னது அமைதியையும் பார்த்துக்கொள்ளும்.

பழுதுபார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நுட்பம் வெளியீட்டில் நிற்கும் கெப்பாசிட்டர். எல்.டி.ஓ. இடைவிடாமல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வளையம் என்பதால், திருத்தம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் வளையம் அலையத் தொடங்கிவிடும். பழைய வகை எல்.டி.ஓ.-க்கள், கெப்பாசிட்டரின் உள்தடை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் மட்டுமே அலையாமல் நிற்கும். டான்டலத்தை எடுத்துவிட்டு அதே மைக்ரோஃபாரட் உள்ள செராமிக்கைப் போட்டால், உள்தடை மிகவும் குறைந்து, மல்டிமீட்டரில் 3.3 வோல்ட் சரியாகக் காட்டியபடியே சீராக்கி உயர்ந்த அதிர்வெண்ணில் ஆடிக்கொண்டிருக்கும். ஆசிலாஸ்கோப் இல்லாத கடையில் இதைக் கண்டுபிடிப்பது கடினம். செராமிக்கோடு இசைந்து நடக்கும் புதிய வகைகள் வந்துவிட்டன. பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண்ணைப் போடும்போது கெப்பாசிட்டரின் வகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரட்டை வெளியீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கெப்பாசிட்டர் ஐசியின் காலை ஒட்டியே நிற்க வேண்டும்.

இப்போது ஸ்டார்ட்டர்கள் 2ஜி மாட்யூலிலிருந்து 4ஜி-க்கு மாறி வருகின்றன. சிம்7600 போன்ற 4ஜி மாட்யூல்களுக்கு மின்சாரம் முன்போலவே 4 வோல்ட்டை ஒட்டியே வேண்டும். ஆனால் அவற்றின் தகவல் முனைகள் 1.8 வோல்ட்டில் பேசுகின்றன. மைக்ரோகண்ட்ரோலரின் 3.3 வோல்ட் சமிக்ஞையை நேரடியாக இணைத்தால் அந்த முனைகள் கெட்டுப்போகும் என்பதால், இடையே நின்று அழுத்தத்தை மாற்றித் தரும் சுற்று ஒன்று அவசியமாகிறது. அதன் ஒரு பக்கம் 3.3, மறுபக்கம் 1.8 வோல்ட் கேட்கிறது. மாட்யூல் தனது ஒரு முனையில் சிறிதளவு 1.8 வோல்ட் தருகிறது. அந்தப் பக்கத்தில் வேறு பாகங்களும் சேர்ந்தால் அது போதாது, 3.3-ஐயும் 1.8-ஐயும் சேர்த்துத் தரும் இரட்டை எல்.டி.ஓ. தேவைப்படும். பழைய பலகையில் மாட்யூலை மட்டும் மாற்றிக்கொடுக்கச் சொல்லிக் கேட்டு வரும் உழவருக்கு, மின்னழுத்தத் தடங்களையும் சேர்த்து மாற்றினால்தான் பெட்டி நிலைத்து நிற்கும் என்பதைக் கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.